வீடு முந்தி, வீதி பிந்தி

(பங்கின் வெள்ளிவிழாக் கூட்டத்தில், வீதி மேம்பாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வெள்ளிவிழா என்றால் கடந்த காலத்தின் பெருமைகளைப் பேசுவதே வழக்கம். கீற்றுக் கொட்டகையில் பூசை நடந்த நாட்களையும், மணி வந்த கதையையும், முதல் புதுநன்மையையும் எங்களுக்கு முன் பேசியோர் அழகாக எடுத்துரைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்த தலைப்போ சற்று வறண்டது. வீதியும் சாக்கடையும் குடிநீரும் பற்றி விழா மேடையில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்று மாலை பிரதான சாலையிலிருந்து இந்தக் கோவில் வாசலுக்கு வந்து சேர உங்களுக்கு எத்தனை நிமிடம் பிடித்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரைக் கிலோமீட்டர் தூரம்தான். இந்தத் தலைப்பை விழாக் குழுவினர் ஏன் தேர்ந்தார்கள் என்பது விளங்கிவிடும். உரையின் முடிவில் உங்கள் முன் ஒரு கோரிக்கையையும் வைக்க இருக்கிறோம். அது நம் கோவிலின் கிழக்குச் சுற்றுச்சுவரைப் பற்றியது. அதற்குமுன், நாம் குடியிருக்கும் சென்னையின் தென் புறநகர் எவ்வாறு இந்த நிலைக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

சென்னை தெற்கே வளர்ந்த கதையில் ஒரு நல்ல காலமும் இருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அந்நாளில் அந்தப் பாதையின் இருபுறமும் பெரும்பாலும் ஏரியும் கழனியும்தான். வண்டி முதலில் வந்தது. வீடுகள் அதன் பின்னே ஒவ்வொன்றாக வந்தன. குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ அக்காலத்தில் மனை வாங்கியவர், ஓடிக்கொண்டிருந்த ரயிலைக் கண்ணால் கண்டு வாங்கினார். என்றைக்காவது ரயில் வரும் என்று தரகர் சொன்ன வாக்கை நம்பி வாங்கவில்லை.

தியாகராய நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் அது வகுக்கப்பட்டபோது நடுவில் பூங்காவும், பூங்காவிலிருந்து பிரியும் சாலைகளும் முதலில் வரைபடத்தில் ஏறின. மனைகள் அதன்பின் பிரிக்கப்பட்டன. (அந்த நகரே மாம்பலத்து நீண்ட ஏரியை வற்றடித்து அதன்மேல் எழுப்பப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏரியை மூடும் பழக்கத்தை நம் தலைமுறையினர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.) பிறகு 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தை ஒட்டி அண்ணா நகரை வீட்டுவசதி வாரியம் அமைத்தபோதும் அதே முறைதான். அகலச் சாலைகள் முன்னே; குடியிருப்போர் பின்னே. இன்று அங்கும் நெரிசல் இல்லாமல் இல்லை. ஆயினும் அங்கே ஒரு தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இருக்கிறது.

நம் பக்கத்து வரலாறு அப்படிப்பட்டதன்று. இங்கே ஏரிப் பாசனக் கிராமங்கள் இருந்தன. ஊருக்கும் கழனிக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை. ஏரித் தண்ணீர் பாயும் கால்வாய், மிச்சத் தண்ணீர் வடியும் கால்வாய், இவ்வளவே. 1980-களிலிருந்து கழனிகள் ஒவ்வொன்றாக மனைகளாயின. ஒருவர் இரண்டு ஏக்கர் விற்றார். பக்கத்து நிலக்காரர் மூன்றாண்டு கழித்து மூன்று ஏக்கர் விற்றார். வாங்கிப் பிரித்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரு ஏக்கருக்குப் பதினெட்டுக் கிரவுண்டு என்பது கணக்கு. அதில் வீதிக்குப் போகும் ஒவ்வொரு அடியும் விற்பனைக்குப் போகாத அடி. ஆகையால் வீதி எவ்வளவு ஒடுங்க முடியுமோ அவ்வளவு ஒடுங்கிற்று. இருபது அடி என்று விளம்பரத் தாளில் இருந்தது நிலத்தில் பதினாறு அடியாக நின்றதும் உண்டு.

இதைவிடப் பெரிய கேடு மற்றொன்று. அடுத்தடுத்த இரண்டு மனைப்பிரிவுகளின் வீதிகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒன்றின் வீதி முடியும் இடத்தில் மற்றொன்றின் சுவர் நிற்கிறது. முதலாவது நகரில் ஆறு வீதி, இரண்டாவதில் ஐந்து வீதி. ஆனால் இரண்டிலிருந்தும் வெளியே வர ஒரே வழி, அந்தப் பழைய வண்டிப்பாதைதான். ஒரு காலத்தில் எருமந்தைகளும் நெல் வண்டிகளும் போன அந்தத் தடத்தில்தான் இன்று பள்ளிக்கூட வேன், குடிநீர் லாரி, கழிவுநீர் லாரி, ஜல்லி லாரி, மாநகரப் பேருந்து, நம்முடைய இருசக்கர வண்டிகள் அத்தனையும் போகின்றன. சாலையை அகலப்படுத்து என்று மனுக் கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் உள்வீதிகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், அந்த ஒரு சாலையின் சுமையில் பெரும்பங்கு தானாகவே பிரிந்து போயிருக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டையது. சென்னைக்கென்று பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1970-களிலேயே அமைந்தது. முதல் முழுமைத் திட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது 2008-இல் வந்தது. இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். நம் புறநகரின் பெரும்பகுதி பிறந்ததும் வளர்ந்ததும் அந்த இடைவெளியில்தான். முறைப்படி அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில், வீதிகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதித் தரப்பட வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்டதானால் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாகவும் போய்ச் சேரவேண்டும். அங்கீகாரம் இல்லாத பிரிவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று பலகை வைத்தார்கள். வாங்கியவருக்கும் அது போதுமானதாகத் தோன்றியது, ஏனெனில் பதிவு அலுவலகத்தில் பத்திரம் பதிவாயிற்று, முத்திரைத் தாளுக்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள், மின் இணைப்பும் வந்தது. ஓர் ஏழைக் குமாஸ்தா இதற்குமேல் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?

2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதையடுத்து 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. உரிய கட்டணம் செலுத்தினால், குறிப்பிட்ட தேதிக்கு முன் விற்ற மனைகளை முறைப்படுத்தலாம் என்றார்கள். நம் பங்கிலேயே பல குடும்பங்கள் அந்த நாட்களில் கோப்பும் கையுமாக அலைந்தன. காகிதம் சரியாயிற்று, மகிழ்ச்சிதான். ஆனால் காகிதம் சரியானதால் வீதி ஓர் அங்குலமும் அகலவில்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. முன்பு தளப்பரப்புக் குறியீடு ஒன்றரை. அதாவது அந்த மனையில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019-இல் வந்த கட்டட விதிகளின்படி அது இரண்டாயிற்று. 4,800 சதுர அடி கட்டலாம். எண்ணூறு அடியில் ஒரு ஃபிளாட் என்றால் ஆறு குடும்பம். நாற்பது தனிவீடுகள் உள்ள ஒரு வீதியில் பாதி வீடுகளை இடித்து ஃபிளாட் கட்டினால், நாற்பது குடும்பம் இருந்த இடத்தில் நூற்றுநாற்பது குடும்பம் ஆகிறது. வீடு தேவைப்படுவோர்க்கு வீடு கிடைப்பது நல்லதே. அதை நாங்கள் குறை கூறவில்லை. வாடகைக்கு அலையும் இளம் தம்பதியரைக் கேட்டால் ஃபிளாட்டின் அருமை தெரியும். ஆனால் வீதியும், அதன் அடியில் இருக்கவேண்டிய குழாயும் நாற்பது குடும்பத்துக்கே போதாமல் இருந்தவை. அவற்றுக்கு எந்த விதியும் குறியீட்டை உயர்த்தவில்லை.

மக்கள்தொகைக் கணக்கும் இதையே சொல்கிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையே பழைய சென்னை மாநகர எல்லைக்குள் மக்கள் ஏறத்தாழ 43 லட்சத்திலிருந்து 46 லட்சமாக மட்டுமே கூடினர். ஆனால் புறநகரையும் சேர்த்த சென்னை நகர்த்தொகுதி ஏறத்தாழ 65 லட்சத்திலிருந்து 86 லட்சத்தைத் தாண்டியது. எல்லைக்கோடு விரிந்ததும் இதில் ஒரு பங்கு உண்டு. இருந்தாலும் கூடிய கூட்டம் எங்கே போய்க் குடியேறியது என்பது விளங்குகிறதல்லவா? அந்தப் பத்தாண்டில் இந்தச் சுமையைத் தாங்கியவை பேரூராட்சிகளும் ஊராட்சிகளும். ஓர் எழுத்தரும் இரண்டு குழாய்த் திறப்பாளர்களும் வைத்திருந்த ஊராட்சிகள் நகரத்து வேலையைச் செய்யும்படி ஆயிற்று. வீட்டுவரியோ வீடு கட்டி முடித்த பின்தான் வரும். வடிகாலோ வீடு கட்டுமுன் வேண்டும். வரவு பின்னாலும் செலவு முன்னாலும் இருந்தால் எந்தக் குடும்பமும் கடனில் விழும், ஊராட்சியும் அப்படியே.

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் ஒரே சமயத்தில் அதனுள் வந்தன. 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. பலகை மாறியதும் எல்லாம் மாறிவிடும் என்று எண்ணியோர் ஏமாந்தனர். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள், மின்சாரக் கம்பிக்குத் தோண்டினார்கள், மழைநீர் வடிகாலுக்கும் தோண்டினார்கள். முதலில் செய்திருக்கவேண்டிய வேலையை, வீடுகள் நெருக்கியடித்து நிற்கையில் கடைசியில் செய்தால் இப்படித்தான் இருக்கும். செலவும் பன்மடங்கு, துன்பமும் பன்மடங்கு.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நம் பகுதியில் வீதிக்கும் தண்ணீருக்கும் உள்ள வழக்கு மிகப் பழையது.

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போகும். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிச்ச நீருக்கு அந்தச் சதுப்பு நிலமே வடிதட்டு. அந்த நிலம் என்ன ஆயிற்று? ஒரு பக்கம் குப்பை மேடு, ஒரு பக்கம் அலுவலகக் கட்டடங்கள், ஒரு பக்கம் குடியிருப்பு. குறுக்கே போட்ட சாலைகளே அணையாகவும் நின்றன. ஆகவே சாலை போட்டால் போதும், வளர்ச்சி வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: தண்ணீர் போகும் வழியை அறியாமல் போட்ட சாலை, இல்லாத சாலையைவிடத் தீங்கானது. 2007-இல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அது ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலிலும் ஏறிற்று. எஞ்சியதையாவது காக்க இது உதவட்டும்.

2015 டிசம்பர் முதல் நாளை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அன்றைய வெள்ளம் என்றாலே எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்த நீர், செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து கலக்கும் இடத்துக்கு மேலே வந்த நீர். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் அது; தன் பழைய வழியைத் தேடி வந்து, வழியில் வீடுகளைக் கண்டது. மறுபடி 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்தில் படகு போயிற்று. எட்டாண்டு இடைவெளி, அதே இடங்கள்.

மழைக்காலத்தில் படகு, கோடைக்காலத்தில் லாரி. 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அது நகரத்துக்கு வந்த நெருக்கடி. புறநகரில் பல வீடுகளுக்கு அது ஆண்டுதோறும் வரும் நெருக்கடி. குழாய் எட்டாத வீதிகளில் ஆழ்துளைக் கிணறு உப்புக் கரித்ததும் லாரிக்குச் சொல்லிவிடுகிறோம். அந்த லாரி எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறது? இன்னும் தெற்கே, இன்னும் மேற்கே உள்ள ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து. நாளை அந்தக் கிராமமும் மனையாகும். அப்போது அவர்கள் யாரிடம் வாங்குவார்கள்?

சாலையின் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டும் வழக்கத்தால், இருபது ஆண்டில் வீதி உயர்ந்துவிட்டது, வீடு கிணறாகிவிட்டது. வாசலில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். வசதி உள்ளோர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். வசதி இல்லாத விதவைத் தாய்மார், மழை பெய்யும் இரவில் மூட்டை முடிச்சுகளைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு விழித்திருக்கிறார்கள். சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. வேலை நடக்கும் இரவில் பக்கத்தில் நின்று கவனிக்க வீதிக்கு இரண்டு பேர் இருந்தால் அந்த விதிக்கு உயிர் வரும்.

நம் வீதிகளின் நிலையை நம் துக்க வீடுகளில் கண்டிருக்கிறோம். அமரர் ஊர்தி வாசல்வரை வர முடியாமல் பிரதான சாலையிலேயே நின்றுவிட, பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தோம். தோள்கொடுத்துச் சுமப்பது நம் மரபுதான், அதில் வருத்தமில்லை. ஆனால் நெஞ்சுவலி வந்தவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு இளைஞர் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு ஓடினார்களே, அது மரபல்ல. அன்று அவர் பிழைத்தார். ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் சொன்னதை அந்த வீட்டார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. செய்கிறது, பின்னால் வந்து செய்கிறது. பறக்கும் ரயில் 1995-இல் சேப்பாக்கம் வரை ஓடிற்று. 1997-இல் மயிலைக்கு வந்தது. வேளச்சேரிக்கு 2007-இல்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் வேளச்சேரி நிரம்பி வழிந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நிலத்தைப் பற்றிய வழக்கினால் பாதை பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்றது. நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தால் வழக்கே இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் இறுதியில் திறந்தார்கள். பிரமாண்டமான நிலையம்தான். ஆனால் அதைத் தொட்டுக்கொண்டு போகும் ரயில் பாதையில், திறந்த அன்று ஒரு நிலையம் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன நம் திருநெல்வேலி, தூத்துக்குடிக் குடும்பங்கள் பெட்டியும் பிள்ளைகளுமாக அங்கே பட்ட பாட்டை நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. பழைய மகாபலிபுரம் சாலையைக் கேட்கவே வேண்டாம். ஆறு வழிச் சாலையும் கண்ணாடி மாளிகைகளும் முன்னே வந்தன. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் எத்தனையோ ஆண்டு கழித்து மெல்ல வந்தன.

இவ்வளவையும் கேட்டு, இதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா என்று சோர்ந்துவிடாதீர்கள். பரங்கிமலைக்கு அடுத்தாற்போல் உள்ள ஆலந்தூரின் கதை ஒன்று உண்டு. புறநகரில் குடியிருக்கும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது. 1990-களின் இறுதியில் அது தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி, வீதியெல்லாம் கொசு. அரசாங்கப் பணம் வரும்வரை காத்திருந்தால் பேரன் காலத்தில்தான் வரும் என்று கண்ட நகராட்சி மன்றம், மக்களையே நாடிற்று. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை. குழாய் ஒன்றுகூடப் புதைக்கப்படாத நேரத்தில், வரப்போகும் இணைப்புக்கு மக்கள் பணம் கட்டினார்கள்! குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய் விளக்கின. மீதிக்குக் கடனும் மானியமும் பெற்று, 2000-ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்தார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் பெருங்குடியில் அமைந்தது. ஆலந்தூர் மக்கள் நம்மைவிடப் பணக்காரர்கள் அல்லர். பணம் எங்கே போகிறது, எந்த வீதியில் எப்போது வேலை என்பதை அவர்களுக்குத் திறந்து சொன்னார்கள், அதனால் கட்டினார்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் திருமணமாகி, கூடுவாஞ்சேரிக்கு அப்பாலும் கேளம்பாக்கத்துக்கு அப்பாலும் மனை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஞாயிறு பூசை முடிந்து மரத்தடியில் நின்று நீங்கள் பேசுவதெல்லாம் சதுர அடி விலையைப் பற்றித்தான். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்கிறீர்கள், நல்லது. அத்தோடு கிராம வரைபடத்தையும், அந்தச் சர்வே எண்ணின் புல வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். ஏரி எங்கே, கலங்கல் எங்கே, கால்வாய் எங்கே போகிறது என்பது அதில் கோடு கோடாக இருக்கும். விற்பவர் காட்டும் வண்ணப் படத்தில் அது இருக்காது. வீதிகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரப்பட்டனவா என்று கேளுங்கள். பத்திர எண்ணைக் கேளுங்கள். உங்கள் நகரின் வீதி அடுத்த நகரின் வீதியோடு சேர்கிறதா, சுவரில் முட்டுகிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சித்திரை மாதத்தில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.

இன்னொன்று. இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுக்கான திட்டத்தின் வரைவு வெளியிடப்படும்போது, மக்களின் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்தில் பெற இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. அந்த நாட்களில் நம் பகுதியின் வரைபடத்தைக் கையில் எடுத்து, எந்தெந்த வீதிகளை இணைக்க வேண்டும், எந்தக் கால்வாயைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுப்போம். வரைபடம் வாசிக்கத் தெரிந்த பொறியாளர்கள் நம் பங்கில் குறைந்தது பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு எந்தப் பக்தி முயற்சியும் அந்த இரண்டு மாதம் வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் நாங்களே சொல்லிக்கொள்கிறோம்!

இனி, முதலில் சொன்ன கோரிக்கை. கோவிலின் கிழக்குச் சுவரை ஒட்டிய வீதி இருபது அடி. அதில்தான் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். அதில்தான் ஞாயிறு காலை முதல் பூசை முடிந்து வெளியேறுவோரும் இரண்டாம் பூசைக்கு வருவோரும் முட்டிக்கொள்கிறோம். நம் சுவர் 180 அடி நீளம். அதை ஐந்து அடி உள்ளே தள்ளிக் கட்டினால், 900 சதுர அடி வீதிக்குப் போகும். வீதி இருபத்தைந்து அடியாகும். எதிர்ப்பக்கத்து வீட்டாரில் பெரும்பாலோர், சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் படிகளையும் சரிவுகளையும் உள்ளே எடுத்துக்கொள்ள இசைந்துள்ளனர். ஒருவர் மட்டும் இன்னும் இசையவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் குழுவிலேயே இருவர் இதற்கு உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். கோவில் நிலம் நம் முன்னோர் உண்டியல் காசில் வாங்கியது, அதை வீதிக்குக் கொடுத்தால் நாளை அங்கே கார் நிறுத்துவார்கள், அவ்வளவுதான் நடக்கும் என்பது அவர்கள் கட்சி. நியாயமான அச்சம்தான். ஆகையால் மூன்று நிபந்தனைகளோடு இதை வைக்கிறோம். நிலம் வாய்ப்பேச்சில் போகக்கூடாது. மறைமாவட்டத்தின் ஒப்புதல் பெற்று, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதப்பட வேண்டும். கிடைக்கும் ஐந்து அடியில் வடிகாலும் அதன்மேல் நடைபாதையும் முதலில் கட்டப்பட வேண்டும். தார் அதற்குப் பின்புதான். வீதியின் வடகோடியில் உள்ள சுவரைத் திறந்து அடுத்த நகரின் வீதியோடு இணைக்க அந்த நகர்ச் சங்கத்தார் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். இல்லாவிட்டால் அகலமான முட்டுச்சந்து ஒன்றைத்தான் நாம் உண்டாக்கியிருப்போம்.

லூர்து அன்னையின் கெபி எட்டு அடி மேற்கே நகர வேண்டியிருக்கும். வேப்பமரம் அளவுக்கு உள்ளே இருப்பதால் தப்பிவிடுகிறது. இருமுறை அளந்து பார்த்துவிட்டோம். சுவரை இடித்துக் கட்டும் செலவுக்கான மதிப்பீடு பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. அளவுகளோடு கூடிய வரைபடத்தைக் கோவில் முகப்பில் இன்று மாலையே ஒட்டியிருக்கிறோம். சிறுவர்கள் கிழித்துவிடாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதரவோ மறுப்போ எதுவானாலும், வீட்டுக்கு ஒரு தாளில் எழுதி, பெயரிட்டு, வரும் இரண்டு ஞாயிறுகளுக்குள் அலுவலகப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள். அந்தத் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டுதான் பங்குப் பேரவை கூடி முடிவெடுக்கும்.